பதினாறாம் சீட்டுக்கு நாற்காலி இல்லை

கட்டடத்தைவிடப் பெயர்ப்பலகை நீளமாக இருக்கும் அலுவலகம் திருநெல்வேலியில் ஒன்றே ஒன்றுதான். 'தாமிரபரணி வடிநிலக் கோட்ட மின்னாவணப் பதிவேடுகள் பாதுகாப்பு மற்றும் பத்திரமான வாசிப்பு இணை இயக்ககம்' என்று எழுத ஆரம்பித்த பெயிண்டருக்குப் 'பாதுகாப்பு' என்ற இடத்திலேயே சுவர் தீர்ந்துவிட்டது. மனிதர் அசரவில்லை. மிச்சத்தைப் பக்கத்துத் தையற்கடைச் சுவரில் எழுதி முடித்து ஏணியை எடுத்துக்கொண்டு போனார். அதைப் பார்த்து வழி தவறித் தையற்கடைக்குள் நுழைகிறவர்கள் பாக்கியசாலிகள். அவர்களுக்குச் சட்டையாவது கிடைக்கும்.

அந்த அலுவலகத்தின் பூர்வோத்தரம் சிறியது. வடிநிலத்தில் பிறந்தவர், இறந்தவர் அனைவரின் பதிவும் ஒரு பழைய கணினியில் இருந்தது. எலி கடித்து அது செத்தது. சாகும் முன் அதன் வட்டு முழுவதையும் அப்படியே ஒரே கோப்பாக உருவி வைத்தார்கள். வட்டு இல்லாமலே வட்டு மாதிரி நடிக்கும் அந்தக் கோப்புக்கு மெய்நிகர் வட்டு என்று பெயர். பெரிய கோப்பு. களக்காட்டு மலையில் பெய்யும் ஐப்பசி மழையைத் துளித்துளியாக எண்ணி எழுதினாலும் அதில் பாதிதான் வரும்.

ஒரு நாள் ஓர் எழுத்தர் அதை ஒரே அமுக்கில் முழுவதுமாகத் திறந்துவிட்டார். பாபநாசம் அணையைத் திறந்து ஒரே டம்ளரில் பிடிக்கப் பார்த்த மாதிரிதான். கணினிக்கு நினைவகம் கொஞ்சம். மூன்று நாள் மூச்சுப் பேச்சில்லாமல் கிடந்து, பிறகு அணைந்தது. அதோடு, இணை இயக்குநர் பேச்சிராஜ் சென்னைக்கு மாறுதல் கேட்டுப் பாதி அடித்து வைத்திருந்த விண்ணப்பமும் போயிற்று. அன்றிலிருந்து அவருக்கு அது சொந்தப் பகை.

கணினி தெரிந்த ஒருவர் வந்து அரைப் பக்கத்தில் யோசனை எழுதிக் கொடுத்தார். நினைவகத்தில் சின்னதாக ஓர் இடம் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு இடையகம் என்று பெயர். அது கொள்ளுமளவு மட்டும் கோப்பிலிருந்து மொண்டுகொள்ளுங்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டபின் இடத்தைத் திருப்பிக் கொடுங்கள். எடுத்தவரே கொடுக்க வேண்டும். ஒரே இடத்தை இரண்டு முறை கொடுக்கக் கூடாது. கொடுத்தபின் அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது. அவ்வளவுதான்.

அந்த அரைப் பக்கத்தைப் பேச்சிராஜ் அறுபத்து நான்கு பக்க நெறிமுறையாக விரித்தார். விரிக்கும்போது 'வேண்டியதை எடுத்துக்கொண்டபின்' என்ற வரியை மட்டும் நீக்கினார். அது ஊழியர்களுக்கு ஆசை காட்டுகிறது என்பது அவர் கருத்து. ஒன்பதாம் அத்தியாயத்தில், உயிரில்லாத கணினிக்கே இவ்வளவு ஒழுங்கு என்றால் உயிருள்ள பொதுமக்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டு, எல்லா விதிகளும் மனுதாரர்களுக்கும் பொருந்தும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

இந்த இடத்துக்குத்தான் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஏரலிலிருந்து ஹமீது பீவி வந்து சேர்ந்தார்.

அவர் மகள் ரைஹானத் தம்மாமில் நிறைமாதம். அங்கே கூட இருக்க யாருமில்லை. உம்மா வந்தால்தான் ஆயிற்று என்று தினமும் போனில் அழுகிறாள். பீவிக்குப் பாஸ்போர்ட் இல்லை. ஆதாரில் பிறந்த வருஷம் ஒன்று, ஓட்டு அட்டையில் வேறொன்று. பிறப்புப் பதிவின் நகல் கொண்டுவந்தால் வாங்கிக்கொள்கிறோம் என்று பாஸ்போர்ட் அலுவலகத்தில் சொல்லி, அன்றைக்கு மூன்றரை மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். அதை விட்டால் அடுத்த நேரம் நாற்பது நாள் கழித்து. பிள்ளை அதுவரை காத்திருக்காது.

வாசலில் அலுவலக உதவியாளர் மாடக்கண்ணு ஒரு மணியைக் கையில் பிடித்து நின்றான்.

"ஏம்மா, எத்தன சொல்லு பேசுவிய?"

"என்னது தம்பி?"

"மனு சொல்லணும்லா. மொத்தம் எத்தன சொல்லுன்னு முன்னாடியே சொல்லிப் போடணும். அம்புட்டுக்குத்தான் இடம் ஒதுக்குவோம். கூடப் பேசினா பக்கத்து ஆளு மேல வழிஞ்சிரும்."

பீவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. குறைவாகச் சொன்னால் சீக்கிரம் விடுவார்கள் என்று நினைத்து, "ஒரு இருவது போட்டுக்கோ" என்றார். மாடக்கண்ணு மணியைத் தயாராக வைத்துக்கொண்டு தலையசைத்தான்.

"தம்பி, நல்லாருக்கியளா? வெயிலு என்னமா அடிக்குது! ஏரல்ல இருந்து பஸ்ஸுல நின்னுக்கிட்டே வாரேன். காலு ரெண்டும் மரத்துப் போச்சு. எம் மவ ரைஹானத்து தம்மாமுல பிள்ளத்தாச்சியா இருக்கா..."

மணி அடித்தது.

"இருவது ஆச்சு."

"இன்னும் விசயத்துக்கே வரலியேப்பா!"

"வந்தவரைக்கும் பதிஞ்சாச்சு." மாடக்கண்ணு பேரேட்டில் எழுதியதைப் படித்துக் காட்டினான்: "பொருள்: வெயில், பேருந்து, கால், மகள்."

நல்லவேளை, கையில் எழுதிக் கொண்டுவந்த படிவம் இருந்தது. அதை வாங்கி உள்ளே அனுப்பினான். கூடவே பீவியின் கைப்பையையும் வாங்கினான். ஆதார், பாஸ்போர்ட் நேரச்சீட்டு, போன் எல்லாம் அதற்குள் இருந்தன. "விடுவிக்கும்போது தருவோம்" என்றான். ஒரு கதவைத் திறந்து பீவியை உள்ளே விட்டு வெளியே தாழ்ப்பாள் போட்டான்.

அதுதான் இடையக அறை. தரையில் மஞ்சள் கோடு. அதற்குள் பதினாறு நாற்காலிகள். கணினி பூஜ்ஜியத்திலிருந்துதான் எண்ணும் என்று யாரோ சொல்ல, நாற்காலிகளுக்குப் பூஜ்ஜியம் முதல் பதினைந்து வரை எண் போட்டிருந்தார்கள். பித்தளைச் சீட்டுகளை அடித்துக் கொடுத்த பாத்திரக்கடைக்காரருக்கு அந்த விவரம் எட்டவில்லை. அவர் ஒன்று முதல் பதினாறு வரை அடித்துவிட்டார். ஆக, பூஜ்ஜியம் நாற்காலிக்குச் சீட்டு இல்லை. பதினாறாம் சீட்டுக்கு நாற்காலி இல்லை.

பதினாறாம் சீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். பெயர் வன்னியராஜ், களக்காடு. செவ்வாய்க்கிழமையிலிருந்து நிற்கிறார்.

"ஏந் தம்பி, அந்த நாற்காலி சும்மாத்தான கெடக்கு? உக்காரப்பிடாதா?" என்று பூஜ்ஜியத்தைக் காட்டினார் பீவி.

"உக்காந்தேன்க்கா. அது என் நம்பர் இல்லன்னு மணிக்காரன் எழுப்பி விட்டுட்டான். 'உம்ம எடம் பதினஞ்சுக்கு அடுத்தாப்புல இருக்கு வே, அங்கன நில்லும்'னு சொல்லுதான். அங்கன சொவருல்லா இருக்கு."

மறுபடி கதவைத் திறந்து வந்து, பீவிக்குச் சீட்டு மிச்சமில்லாததால் ஒரு காகிதத்தில் பூஜ்ஜியம் என்று எழுதிக் கொடுத்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தான் மாடக்கண்ணு. வன்னியராஜ் அவரைப் பார்த்த பார்வையில் பொறாமை தெரிந்தது.

"நீங்க என்ன சோலியா வந்திய?"

"வழி கேக்க வந்தேன்க்கா."

"என்ன வழி?"

"வாழைத்தார் மண்டிக்கு. குட்டியானை வண்டியில ஏத்தன் வாழக்காய் லோடு. வாசல்ல நிப்பாட்டிட்டு, அண்ணாச்சி, மண்டிக்கு எப்படிப் போவணும்னுதான் கேட்டேன். நாலு சொல்லுன்னு பதிஞ்சு, சாவிய வாங்கி ஆணியில மாட்டிட்டான். நான் ஏத்தும்போது தாரு பச்சக் காயி. இப்ப வாசம் இங்கனயே வருது பாருங்க."

வந்தது. நன்றாகவே வந்தது.

மாலை ஐந்தரைக்கு எல்லோரையும் வீட்டுக்கு விடுவார்கள். ஆனால் சாவியும் பையும் ஆவணமும் அலுவலகத்தில் இருக்கும். காலை பத்துக்குத் தானாக வந்து அதே எண்ணில் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். இப்படி ஏழாம் எண்ணும் பதினொன்றாம் எண்ணும் எட்டு மாதம் எதிரெதிரே உட்கார்ந்ததில் அவர்கள் பிள்ளைகளுக்குச் சம்பந்தமே பேசி முடித்துவிட்டார்கள். அழைப்பிதழில் மணமகனின் முகவரி என்ற இடத்தில் 'நாற்காலி 7' என்று அச்சிட்டதாகக் கேள்வி.

அறையின் ஒரு பக்கம் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அப்பால் கணினி முன் முத்துராணி உட்கார்ந்திருந்தாள். அலுவலகத்தில் வேலை தெரிந்த ஒரே ஆள் என்பதால் அவளுக்குப் பதவி உயர்வு கிடையாது. பத்தேகாலுக்குப் பீவியின் படிவம் அவளிடம் போனது. பத்து இருபதுக்கு அவள் கண்ணாடியைத் தட்டி பீவியைக் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒங்க பதிவு கெடச்சிட்டு."

பீவி எழுந்து மஞ்சள் கோட்டின் விளிம்பு வரைக்கும் போய் எட்டிப் பார்த்தார். திரையில் சின்ன எழுத்தில், ஏரல், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தேழு, பெண் குழந்தை, தகப்பனார் பெயர் செய்யது இபுறாகீம். வாப்பாவின் பெயரை அவர் அச்சில் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"அம்புட்டுப் பெரிய கோப்புல இதுக்குள்ள எப்படிம்மா தேடின?"

"முழுசா ஏன் தேடணும்? எது எங்கன இருக்குன்னு முன்னாலயே ஒரு பட்டியல் இருக்கு. நேரா அந்த எடத்துக்குப் போயி ஒரு டம்ளர் மொண்டேன். அம்புட்டுத்தான்."

"அப்ப ஒரு நகல் போட்டுத் தந்துரு தாயி. மூணரைக்குப் போவணும்."

முத்துராணியின் முகம் வாடியது. "அதுக்கு விதி விடாதும்மா. இப்ப டம்ளர்ல ஒங்க பதிவு இருக்கு. டம்ளரத் திருப்பிக் குடுத்த பெறகுதான் நகல் போடலாம்னு ஏழாம் விதி. திருப்பிக் குடுத்துட்டா அதப் பாக்கப்பிடாதுன்னு எட்டாம் விதி."

"குடிச்சிட்டுத்தானம்மா கழுவணும்? கழுவிட்டு எதைக் குடிக்க?"

"அதைத்தான் நானும் எட்டு மாசமாக் கேக்குதேன். அந்த வரிய நீக்கிட்டாவளாம்."

"அப்ப நாங்க?"

"நீங்களும் அப்படித்தான். வேல முடிஞ்சாத்தான் விடுவாவ. விட்டாத்தான் வேல முடியும்."

பீவி திரும்பி வந்து பூஜ்ஜியத்தில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது. ரைஹானத் இந்நேரம் போன் செய்திருப்பாள். போன் பைக்குள், பை வெளியே, பூஜ்ஜியம் என்று எழுதிய அலமாரித் தட்டில். கம்பி போட்ட சன்னல் வழியாக அது தெரிந்தது. இரண்டு முறை அது அதிர்ந்து நகர்ந்ததையும் பார்த்தார்.

பன்னிரண்டரைக்கு இணை இயக்குநர் பேச்சிராஜ் தினசரிப் பார்வைக்கு வந்தார். மஞ்சள் கோட்டுக்கு அப்பால், செருப்பு நுனிகூடப் படாமல் நின்றார்.

பீவி எழுந்தார். "ஐயா, எம் பதிவு அந்தா திரையில இருக்கு. கண்ணால பாத்துட்டேன்."

"மகிழ்ச்சி, அம்மையீர். பெரும்பாலான அலுவலகங்களில் பதிவைக் காணவில்லை என்பார்கள். நம் அலுவலகத்தில் பதிவு இருக்கிறது. அதைத் தர முடியாது என்பது வேறு விஷயம்."

"எம் மவளுக்கு இன்னும் பத்து நாள்ல பேறுகாலம். தனியாக் கெடக்கா."

"உணர்ச்சி புரிகிறது. ஆனால் உணர்ச்சிக்கு நாம் இடம் ஒதுக்கவில்லை." அவர் குரலை உயர்த்தி அறை முழுவதற்கும் பேசினார். "நான் பெருமையாகச் சொல்லுவேன். எட்டு மாதமாக இந்த அலுவலகத்தில் ஒரு தவறான நகல்கூட வெளியே போகவில்லை. காரணம், நகலே வெளியே போகவில்லை. முன்பு வாரம் நாற்பது புகார் வரும். இப்போது ஒன்றுகூட இல்லை. புகார் கொடுக்க வேண்டியவர்கள் எல்லோரும் இங்கேயே பத்திரமாக இருக்கிறீர்கள். இதைவிட ஒரு பாதுகாப்பு உண்டா?"

"அப்ப அந்தக் கையெழுத்துப் போட்ட காயிதம் எதுக்குய்யா?" என்று வன்னியராஜ் அவர் அறை பக்கம் கை காட்டினார். மேசையில், அச்சுப்பொறியின் தட்டிலும் அதன் பக்கத்திலும், வெற்று நகல் படிவங்கள் ஒரு முழ உயரத்துக்கு இருந்தன. எல்லாவற்றிலும் கையெழுத்து, முத்திரை.

"நான் தினமும் காலையில் நூறு படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவேன். என் பக்கம் வேலை தேங்கியது என்று யாரும் சொல்ல முடியாது" என்றார் பேச்சிராஜ். போய்விட்டார்.

ஒன்று அடித்தது. இரண்டு அடித்தது. வன்னியராஜின் ஏத்தன் வாசம் கூடிக்கொண்டே வந்தது. மாடக்கண்ணு வண்டியிலிருந்து ஒரு சீப்பை எடுத்து வந்து ஆளுக்கொன்று கொடுத்தான். சாட்சிக்கு வன்னியராஜுக்கும் ஒன்று. பீவிக்கு இறங்கவில்லை. பழத்தை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தையே பார்த்திருந்தார்.

இரண்டு நாற்பதுக்கு பேச்சிராஜ் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை.

"சென்னையிலிருந்து ஆய்வு! மூன்று மணிக்கு! கேமராவில் அறையைக் காட்டச் சொல்லுகிறார்கள்!"

ஆய்வு நேரத்தில் எடுத்த இடமெல்லாம் திருப்பிக் கொடுக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது பத்தாம் விதி. ஓர் இடம் மிச்சமிருந்தாலும் கசிவு. கசிவு உள்ள அலுவலகத்தின் தலைவருக்குச் சென்னை கனவிலும் கிடையாது. அவரே எழுதிய விதிதான்.

பேரேட்டைத் திறந்து நாற்காலி வாரியாக வாசிக்கத் தொடங்கினார். "பூஜ்ஜியம். விடுவிக்கப்பட்டது."

மாடக்கண்ணு உடனே பீவியைப் பார்க்காமல் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். பேச்சிராஜ் தொடர்ந்தார்: "ஒன்று. விடுவிக்கப்பட்டது. இரண்டு. மாடக்கண்ணு, இரண்டைச் சொன்னேனா?"

"சொன்னிய சார்."

"இப்போது சொன்னதா, முன்பே சொன்னதா?"

"ஐயோ, தெரியலயே சார்!"

இரண்டு முறை விடுவித்தால் விசாரணை. பேச்சிராஜ் வியர்த்துப்போய் அந்த எண்ணை விரலால் மறைத்துக்கொண்டு மேலே போனார். பதினைந்து வரைக்கும் வாசித்து முடித்து, பேரேட்டை மூடி, சுழல்விசிறியைப் பார்க்கத் தொடங்கினார்.

கதவு திறந்திருந்தது. யாரும் நகரவில்லை. எட்டு மாதத்துப் பழக்கம்.

"அம்மா," என்று கண்ணாடிக்கு அப்பாலிருந்து முத்துராணி மெல்லச் சொன்னாள், திரையிலிருந்து கண் எடுக்காமல். "ஒங்கள விட்டாச்சு. விட்டதப் பாக்கப்பிடாதுன்னு எட்டாம் விதி. இனி ஒங்கள இங்கன ஒருத்தரும் பாக்க முடியாது."

பீவிக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. பிறகு எழுந்து, மஞ்சள் கோட்டைத் தாண்டி, மாடக்கண்ணுவின் மூக்குக்கு நேராகக் கையை ஆட்டினார். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "காத்து நல்லா வருது" என்றான்.

"இன்னும் டம்ளரக் கழுவலயே தாயி?" என்றார் பீவி.

"வேண்டியத எடுத்துக்கிட்டுத்தான் கழுவணும்" என்று சொல்லி முத்துராணி பொத்தானை அழுத்தினாள்.

இணை இயக்குநர் அறையில் அச்சுப்பொறி கரகரத்தது. கையெழுத்திட்ட படிவம் ஒன்று உள்ளே போய், எட்டு மாதத்தில் முதல் தடவையாக எழுத்தோடு வெளியே வந்தது. சத்தம் கேட்டு பேச்சிராஜ் ஓடிப் போனார். அவர் முழங்கைக்குப் பக்கத்தில் நின்று பீவி தாளை எடுத்தார். பேச்சிராஜின் வாய் திறந்தது. பார்க்கக் கூடாது. பார்க்காதவரிடம் பேச முடியாது. விசிறியைப் பார்த்து, "விதி... விதி..." என்று மட்டும் சொன்னார்.

பீவி அலமாரியிலிருந்து பையை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனார். மணி இரண்டு ஐம்பத்தெட்டு. அரைமணி நேரத்தில் போய்ச் சேர வேண்டும். ஆட்டோ கண்ணில் படவில்லை. திரும்பிப் பார்த்தார். மற்றவர்கள் விஷயம் புரிந்து தத்தம் பைகளுக்காக முண்டிக்கொண்டிருந்தார்கள். வன்னியராஜ் மட்டும் சுவரோரம் அப்படியே நின்றார்.

"வாரும் தம்பி!"

"என் நம்பர வாசிக்கலயேக்கா. பதினஞ்சோட நிறுத்திட்டாரு."

வாசிக்க முடியாது. பதினாறு என்ற நாற்காலி பேரேட்டில் இல்லை. இல்லாத இடத்தை விடுவிப்பது எல்லை மீறல்.

பீவி உள்ளே திரும்பி வந்து, பதினாறாம் ஆணியிலிருந்து வண்டிச் சாவியை எடுத்து, வன்னியராஜின் கையைப் பிடித்து இழுத்தார்.

"யோவ், பதினாறு! எங்க போறீரு வே?" என்று மாடக்கண்ணு குறுக்கே வந்தான். வன்னியராஜைப் பார்க்கலாம், பிடிக்கவும் செய்யலாம். ஆனால் அவரை இழுத்துக்கொண்டு போகிறவரைப் பார்க்கக் கூடாது. ஆள் ஒருவர் தானாகச் சாய்ந்துகொண்டு போவதை அவன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டான்.

குட்டியானை வண்டி பழ வாசத்தோடு கிளம்பியது. வழியெல்லாம் வன்னியராஜ் உட்கார்ந்திருப்பதை அனுபவித்துக்கொண்டிருந்தார். மூன்று இருபத்தெட்டுக்கு பீவி பாஸ்போர்ட் அலுவலகத்தில் இறங்கினார். அங்கே காவலர், "உக்காருங்கம்மா, நம்பர் வரும்" என்றார். "நின்னுக்கிடுதேன்" என்றார் பீவி.

இங்கே ஆய்வு நல்லபடியாக நடந்தது. அறை காலி. பதினாறு நாற்காலியும் காலி. சீட்டை எண்ணும்போதுதான் பதினாறாம் சீட்டைக் காணோம். அது வன்னியராஜின் சட்டைப்பையில் களக்காட்டுக்குப் போயிருந்தது. ஓர் இடம் கசிந்திருக்கிறது, அந்த இடம் நிரம்பும்வரை கோப்பை மூட முடியாது என்று சென்னை சொல்லிவிட்டது. மாடக்கண்ணுவை அந்த இடத்தில் நிற்க வைக்கலாம் என்றால் கதவுக்கு ஆள் இல்லை. முத்துராணியை நிற்க வைக்கலாம் என்றால் அலுவலகத்துக்கே ஆள் இல்லை. ஒரு மாலைக்குத்தானே என்று பேச்சிராஜே போய்ப் பதினைந்துக்கு அடுத்தாற்போல் நின்றார்.

எடுத்தவர்தான் விடுவிக்க வேண்டும். எடுத்தவர் அவர்தான். ஆனால் விடுவிக்கும் பேரேடு மஞ்சள் கோட்டுக்கு வெளியே இருக்கிறது.

இரண்டு மாதமாக அவர் காலை பத்துக்கு வந்து நிற்கிறார். கண்ணாடிக்கு அப்பால் முத்துராணி வருகிறவர்களுக்கெல்லாம் டம்ளரில் மொண்டு, நகல் எடுத்து, கழுவி வைத்துக்கொண்டிருக்கிறாள். கையெழுத்திட்ட படிவம் இன்னும் ஒரு வருஷத்துக்கு வரும்.

போன வாரம் தம்மாமிலிருந்து ஒரு பார்சல் வந்தது. ஒரு கிலோ பேரீச்சம்பழம், உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: ரைஹானத்துக்குப் பெண் குழந்தை, மூன்று கிலோ, தாயும் பிள்ளையும் சுகம், ஹமீது பீவி. முத்துராணியும் மாடக்கண்ணுவும் ஆளுக்கு நாலு எடுத்துக்கொண்டார்கள். மாடக்கண்ணு பெட்டியை மஞ்சள் கோட்டுக்கு அருகில் கொண்டுபோய், "சார், ஒங்களுக்கு?" என்றான்.

விடுவிக்கப்பட்டவர் அனுப்பியது. பார்க்கக் கூடாது.

பேச்சிராஜ் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் பின்னால் நீட்டினார்.